பதினேழாம் தேதி விளக்கு

கேள்வி:

வணக்கம் மேடம். நான் வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்காரன். 1996-ல் பட்டாளத்தில் சேர்ந்து, பீரங்கிப் படையில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். கார்கில் சண்டையில் திராஸ் பக்கம் இருந்தேன். அப்போது எனக்கு 21 வயது. என்னைப் போல ஓய்வு பெற்று வந்த 14 பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். எங்களுக்கு மூத்த பட்டாளத்துக்காரர்கள் சுற்றுவட்டாரத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் 1971 சண்டைக்குப் போனவர். மெட்ராஸ் சாப்பர், அதாவது பட்டாளத்தின் பொறியாளர் படைக்காரர். வயது 78. மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் ஓசூரில் இருக்கிறார். இவர் மட்டும் வீட்டில் தனியாக. சண்டையைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரே ஒரு முறை "பசந்தர்" என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

டிசம்பர் 16 வெற்றி நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தோம். மேடை, மைக், பொன்னாடை, ஷீல்டு எல்லாம் ஏற்பாடு. வரமாட்டேன் என்றவரை வற்புறுத்தித்தான் கூட்டி வந்தோம். அவர் மேடை ஏறும்போது பத்தாயிரம் வாலா வைத்தோம். அவ்வளவுதான், போர்த்திய சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்துவிட்டார். மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்கப் போனோம். கதவைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா, "வருஷா வருஷம் இந்த நாள்ல அவரு அப்படித்தான், விடியக்காலையில ஒரு விளக்கு ஏத்தி வச்சுட்டு உள்ளேயே கிடப்பாரு" என்றார்.

குழுவில் சிலர் "பெருசுக்குத் திமிர்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிற அன்றைக்குத்தான் எனக்கே தூக்கம் வருகிறது. எங்கள் மேல் கோபமாக இருக்கிறாரா? அவருக்கு என்ன செய்தால் சரியாக இருக்கும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

பட்டாளத்தில் நம் பக்கத்து ஆட்களை வடக்கத்திக்காரர்களும் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள் என்று எனக்குச் சொன்னவர்கள், என்னிடம் ஆலோசனைக்கு வந்த முன்னாள் ராணுவத்தினர்தான். அந்தச் சொல்லையே நானும் எடுத்துக்கொண்டேன். அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக 20 வருஷத்துக்கு மேல் இருந்தவள் நான். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பட்டாளத்துக் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்மவான்பேட்டையை ஏன் ராணுவப்பேட்டை என்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. மறுநாள் காலை விளக்கு. அதாவது 17-ம் தேதி.

1971 டிசம்பர் 16 மாலை டாக்காவில் பாகிஸ்தான் தளபதி ஜெனரல் நியாஜி சரணடைவதாகக் கையெழுத்துப் போட்டார். 93,000 பேர் சரணடைந்தார்கள். அந்த நாளைத்தான் நாம் வெற்றி நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அது கிழக்கில் நடந்தது. மேற்கில் சண்டை நின்றது 17-ம் தேதி இரவு 8 மணிக்குத்தான். மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில், அவர் சொல்ல ஆரம்பித்து நிறுத்திய அந்தப் பசந்தர் ஆற்றுக்கு அந்தக் கரையில் ஜர்பால் என்ற இடத்தில், 17-ம் தேதி காலையில்தான் பாகிஸ்தான் படை கடுமையாகத் திருப்பித் தாக்கியது. தாக்க வந்த பட்டாலியனின் கமாண்டரே அங்கே உயிரை விட்டார். நம் பக்கத்து மேஜர் ஹோஷியார் சிங் காயம்பட்ட உடம்போடு பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி போய்த் தன் ஆட்களைத் தாங்கிப் பிடித்தது அந்த இடத்தில்தான். முதல் நாள், டாக்காவில் மேஜை போட்டுக் கையெழுத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த அதே 16-ம் தேதி, பசந்தரில் டாங்கிக்குள் இறந்துபோன நம் இளம் அதிகாரி அருண் கேத்ரபாலுக்கு வயது 21. திராஸில் உங்களுக்கு இருந்த அதே வயது.

அந்த ஆற்றின் ஓரமெல்லாம் கண்ணிவெடி. டாங்கி கடக்க வேண்டுமென்றால் சாப்பர்கள் முன்னால் போய்ப் பாதை திறக்க வேண்டும். அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், என்னைவிட நன்றாகவே.

ஆக, ஊர் உலகம் வெற்றி என்று கொண்டாடும் தேதிக்கு அடுத்த நாள் அந்த மனிதர் விளக்கு ஏற்றுகிறார். யாருக்காக என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒருவருக்காக இருக்கலாம். சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன பிறகு போன உயிராகவும் இருக்கலாம். இது என் ஊகம்தான், இதை அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். ஆனால் 16-ம் தேதி அவரைக் கூட்டி வந்து மாலை போடுவது, துக்க வீட்டுக்காரரை முதல் நாள் கல்யாணத்துக்கு இழுத்து வந்த மாதிரி அவருக்கு இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். திமிர் என்று சொல்கிற உங்கள் நண்பர்களுக்கு இந்த ஒரு தேதியை மட்டும் சொல்லுங்கள். அவர்களும் பட்டாளத்தில் இருந்தவர்கள்தானே, புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் அந்தப் பத்தாயிரம் வாலா. கண்ணிவெடிக்கு நடுவே நடந்தவரின் காலடியில் சரவெடி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. நம் ஊரில் சந்தோஷம் என்றால் வெடிதான். ஆனால் உடம்புக்குத் தனி ஞாபகம் உண்டு. 50 வருஷம் கழித்தும், மனம் 'இது பட்டாசு' என்று சொல்லி முடிப்பதற்குள் உடம்பு குனிந்துவிடும், வியர்த்துவிடும். பல பேர் முன்னால், அதுவும் மேடைப் படியில் வைத்து, தன் உடம்பு அப்படி நடுங்குவதை யார் பார்க்க விடுவார்கள்? அவர் அந்த இடத்தைவிட்டு நடந்தார். எனக்குத் தெரிந்த ஒருவர், 1965 சண்டைக்குப் போனவர், தீபாவளிக்கு முதல் நாளே தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவார். காட்டுக்கொல்லையில் ஒற்றை வீடு அது. பேரப்பிள்ளைகள் வெடி வைப்பது அவருக்குப் பிடிக்காது என்றுதான் குடும்பமே நினைத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு விஷயம், மனைவி இறந்து மூன்று வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். போரைக் கண்டவர்களில் பலர் நடுவயது முழுக்க நன்றாகவே இருப்பார்கள். வேலை, நிலம், பிள்ளைகள் படிப்பு என்று ஓடும்போது பழைய ஞாபகம் ஓரமாகக் கிடக்கும். வேலை நின்று, துணை போய், வீடு அமைதியான பிறகு அது எழுந்து வரும். வயதான போர்வீரர்களிடம் இதைக் கவனித்து மருத்துவர்கள் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் இது நோயாகாது. சிலருக்கு, வாழ்நாளின் கடைசியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை. அதைச் செய்ய அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அறிவுரை சொல்கிற ஆள் தேவையில்லை.

அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். மகனால் முடியாதது, என்னைப் போன்றவர்களால் முடியாதது உங்களால் முடியும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒருமுறை எங்கள் பிரிவுக்கு 80 தாண்டிய ஒருவரை மருமகள் கூட்டி வந்தார். ஞாபக மறதி. பேரன் பெயர் போய்விட்டது, காலையில் சாப்பிட்டாரா என்று தெரியவில்லை. 'போருக்குப் போனீங்களாமே, அங்க என்ன நடந்துச்சு?' என்று நான் நேரடியாகக் கேட்டேன். என் வேலையில் நான் செய்த பெரிய தவறுகளில் அது ஒன்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். வெளியே பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தான் ஒரு பையன், நாயக் ரேங்கில் விருப்ப ஓய்வில் வந்தவன். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, "எந்த யூனிட் ஐயா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். பெரியவர் முதுகு நிமிர்ந்தது. யூனிட் சொன்னார். கேட்காமலே ஆர்மி நம்பரையும் சொன்னார், ஒரு எண் பிசகாமல். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். 22 வருஷம் அந்த வீட்டில் இருந்த பெண், அந்த எண்ணை அன்றைக்குத்தான் கேட்கிறார்.

அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்திருந்தால் அப்படி வேலை செய்திருக்காது. கேட்டவனுக்கும் ஒரு நம்பர் இருந்தது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நம் ஊர்ப் பழைய பட்டாளத்துக்காரர்கள் சிலர் சண்டையைப் பற்றித் தமிழில் சொல்லத் திணறுவார்கள். பாதியில் இந்திக்குப் போய்விடுவார்கள். கட்டளை வந்தது இந்தியில். பக்கத்துக் குழியிலிருந்தவன் கத்தியது இந்தியிலோ பஞ்சாபியிலோ இருந்திருக்கும். வீட்டில் யாருக்கும் அந்த மொழி புரியாது. அதனால் அந்தக் கதை அவர்கள் உள்ளேயே நின்றுபோனது. உங்களிடம் அந்த மொழி இருக்கிறது. லங்கர் (சமையல்கூடம்), ரோல் கால் (ஆள் கணக்கெடுப்பு), படா கானா (எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) என்று நீங்கள் சாதாரணமாகப் பேசுகிற சொல்லெல்லாம் அவருக்கு அந்த வீட்டின் சாவி மாதிரி.

சரி, இப்போது என்ன செய்வது?

மன்னிப்பை ஒரே ஒரு முறை கேளுங்கள். 14 பேரும் போக வேண்டாம், நீங்கள் மட்டும் போங்கள். "வெடி வச்சது தப்புங்க ஐயா, எனக்குத் தோணியிருக்கணும்" என்று சொன்னால் போதும். ஏன் போய்விட்டீர்கள் என்று கேட்காதீர்கள். விட்டுப்போன ஷீல்டைக் கொண்டுபோய்க் கையில் திணிக்கவும் வேண்டாம். அவர் பதில் சொல்லாவிட்டாலும் வழக்கம்போலத் திண்ணையில் உட்காருங்கள். எந்தப் பக்கத்துக் காது நன்றாகக் கேட்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமாக உட்காருங்கள். சாப்பர்களுக்கும் உங்களைப் போன்ற பீரங்கிக்காரர்களுக்கும் காது போவது சகஜம். கேட்காத காதுக்காரரைக் கோபக்காரர் என்று ஊர் முடிவு கட்டிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே உங்கள் கார்கில் கதையைச் சொல்லிவிடாதீர்கள், அது தானாக வரும் நேரம் வரும். போனில் வீடியோ எடுக்காதீர்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். குழுவில் யாராவது 'பதிவு பண்ணி யூடியூப்பில் போடலாம்' என்பார்கள். அவர் தானாக விரும்பிக் கேட்டால் மட்டும். அவர் அழுதால் விட்டுவிடுங்கள், சமாதானம் சொல்ல வேண்டாம். பாதியில் நிறுத்தினால் மாடு கன்று பற்றிப் பேசுங்கள்.

கேண்டீன் கோட்டாவில் வாங்கிய ரம் பாட்டிலை அன்பளிப்பாகக் கொண்டுபோகிற வழக்கம் நம் பட்டாளத்துக்காரர்களிடம் உண்டு. அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் 78 வயதில், தனியாக, தூக்கம் கெட்டு, பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டிருக்கக்கூடிய மனிதருக்கு அந்த பாட்டில் நல்லதில்லை. அதற்குப் பதிலாக டீத்தூள் வாங்கிப் போங்கள், அவரையே டீ போடச் சொல்லிக் குடியுங்கள்.

இனி, காகித வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொன்னாடையைவிட இது பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

அவரிடம் டிஸ்சார்ஜ் புக், அதாவது பணி விடுவிப்புப் புத்தகம், இருக்கிறதா என்று பாருங்கள். டிரங்குப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி, கரையான் தொட்டும் தொடாமலும் இருக்கும். அவர் அனுமதியோடு ஒவ்வொரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அதிலிருக்கும் பிறந்த தேதி, பி.பி.ஓ.வில் (பென்ஷன் உத்தரவில்) இருக்கும் பிறந்த தேதி, ஆதாரில் இருக்கும் தேதி மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். இது ஏன் அவசரம் என்றால், அவருக்கு 78. 80 வயது ஆனதும் பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50. நூறு வயதானால் பென்ஷன் இரண்டு மடங்கு. பதிவில் பிறந்த தேதி இல்லாமலோ மாறியோ இருந்தால் இது நின்றுபோகும், கேட்க ஆள் இல்லாத வீட்டில் நின்றது தெரியவும் தெரியாது. தப்பு இருந்தால் திருத்த இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. சாப்பர்களின் ரெக்கார்ட் ஆபீஸ் பெங்களூரில்தான். ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையக் கணக்கில் உள்ளே போகும் பாஸ்வேர்டு அவரிடம் இருக்காது, பெரும்பாலும் பிரவுசிங் சென்டர்க்காரரிடம் இருக்கும். அதையும் சரிபண்ணுங்கள்.

வருஷா வருஷம் லைஃப் சர்ட்டிபிகேட், உயிரோடு இருப்பதற்கான சான்று. மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவியில் விரலை வைத்து வைத்து எடுத்து, 'பதியலையே தாத்தா, நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பப்பட்டு, வெயிலில் வங்கி வாசல் படியில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்காது. இப்போது முகத்தைக் காட்டியே போனில் ஜீவன் பிரமான் என்கிற அந்தச் சான்றைப் பதியலாம். தபால்காரரும் வீட்டுக்கு வந்து செய்து கொடுப்பார். உங்கள் குழுவில் போன் நன்றாகப் பழகிய ஒரு பையன் ஒரே நாளில் ஆறு வீட்டுக்கும் போய் முடித்துவிடலாம். அது தவறினால் பென்ஷன் நின்றுவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு அவரிடம் இருக்கிறதா? அந்தத் திட்டம் 2003-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் வெளியே வந்தவர்கள் பலர் சேராமலே விட்டுவிட்டார்கள். 'அதுக்குப் பணம் கட்டணும்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்ற பென்ஷன்காரர்களுக்குச் சந்தா கிடையாது. கார்டு கிடைத்தால் முதலில் காதுக்குக் கருவி, அடுத்து கண்.

அந்த ஆறு பேரில் பென்ஷனே இல்லாதவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அந்தக் காலத்தில் சில வருஷம் பணி, மீதி ரிசர்வ் என்று சேர்ந்தவர்கள் உண்டு. பணியும் ரிசர்வும் சேர்த்து 15 வருஷம் முடித்தவர்களுக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. அது முடியாமல் வெறுங்கையோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஹவில்தார் ரேங்க் வரை உள்ளவர், 65 வயது தாண்டியவர், பென்ஷனோ வேறு வருமானமோ இல்லாதவர் என்றால் முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் மத்திய சைனிக் போர்டின் வறுமை நிவாரணத் தொகை இருக்கிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். அவர் இறந்துவிட்டிருந்தால் மனைவிக்கும் பொருந்தும். விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போகும். நீங்கள் கூடவே போங்கள். தனியாகப் போனால் ஒரு காகிதம் குறைகிறது என்று திரும்பி வருவார்கள். இரண்டாவது முறை அவர்கள் போகவே மாட்டார்கள். கௌரவம் தடுக்கும்.

விதவைகளை மறந்துவிடாதீர்கள். ஆறு பேர் என்று கணக்குச் சொன்னீர்கள். அது உயிரோடு இருக்கும் ஆண்கள் கணக்கு. இறந்துபோன மூத்த பட்டாளத்துக்காரர்களின் மனைவிமார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பட்டாளத்துப் பதிவில் முனியம்மா, ஆதாரில் முனியம்மாள் என்று ஒரு எழுத்துக்காகக் குடும்ப பென்ஷனுக்கு அலைகிறவர்கள் அவர்களுக்குள் இருப்பார்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். உங்கள் ஊரில் 1971-க்கும் கார்கிலுக்கும் நடுவே ஒரு தலைமுறை இருக்கும். 1987-லிருந்து 1990 வரை இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்கள். இப்போது அறுபதைத் தொட்டோ தாண்டியோ இருப்பார்கள். ஏறத்தாழ 1,200 பேர் அங்கே இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னையில் வந்திறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று அவர் சொன்ன காரணமும், அதன் பின்னாலிருந்த ஈழத் தமிழர்களின் துயரமும் சின்ன விஷயமல்ல. அந்தக் காயம் கடலுக்கு இரண்டு கரையிலும் இன்னும் ஆறவில்லை. ஆனால் அனுப்பிய இடத்துக்குப் போய், தன் மொழி பேசுகிறவர்கள் நடுவே துப்பாக்கியோடு நின்று, திரும்பி வந்து, 35 வருஷமாக அதைப் பற்றி வாயே திறக்க முடியாமல் இருக்கும் தமிழ்ச் சிப்பாயை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1971-க்கு மேடை, கார்கிலுக்கு மேடை என்று நீங்கள் போடும்போது அவர் பின்வரிசையில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரையும் பாருங்கள். பாராட்டு வேண்டாம், அதை அவரே விரும்பமாட்டார். உங்கள் டீ வட்டத்தில் ஒரு டம்ளர் அவருக்கும்.

விழாவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கூடும். ஆனால் மேடை வேண்டாம். யாராவது ஒருவர் கொல்லையில் ஒரு படா கானா வையுங்கள். கறி, சோறு, ரசம். பெரியவர்கள் ஆறு பேரும், அந்த அம்மாக்களும், நீங்களும் ஒரே பந்தியில். ரேங்க் பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக உட்காருகிற சாப்பாடு என்று உங்களுக்கெல்லாம் அது பழகியதுதானே. மைக் இல்லாத இடத்தில் அவர்கள் தாங்களாகவே பேசுவார்கள். தனியாக இருக்கிறவர்களுக்குக் காலையில் ஒரு ரோல் கால் வையுங்கள். 14 பேரில் ஆளுக்கு ஒரு நாள், ஒரு போன், "ஐயா, டீ ஆச்சா?" எடுக்கவில்லை என்றால் யாராவது ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட வேண்டும். குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து இரண்டு நாள் கிடந்த கதைகள் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

மகனுக்கும் தெரியட்டும். ஓசூருக்கு ஒரு போன் போட்டு, 'அண்ணே, அப்பாவை நாங்க பார்த்துக்கறோம்' என்று சொல்லாதீர்கள், அது அவரைக் குத்தும். 'அப்பாவோட பட்டாளத்துப் பேப்பரெல்லாம் எடுத்து வைக்கறோம், நீங்க வர்றப்போ உட்கார்ந்து பார்க்கலாம்' என்று சொல்லுங்கள்.

சாயங்கால நேரத்தில் அவர் இடம் காலம் குழம்பினாலோ, எதிரி வந்துவிட்டான் என்பது போலப் பேசினாலோ, சாப்பாடு இறங்காமல் மெலிந்தாலோ, 'நான் மட்டும் எதுக்கு இருக்கணும்' என்று சொன்னாலோ, அதற்கு மேல் திண்ணைப் பேச்சு போதாது. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். நீங்கள் கூட வந்தால் அவர் வருவார்.

அடுத்த டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அவர் அந்த விளக்கைப் பற்றிச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். ஒரு பெயர் சொன்னால் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு சண்டைகளில் இறந்தவர்கள் பெயரெல்லாம், 25,000-க்கு மேல், கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் அங்கே இருக்கும். டெல்லியில் இப்போது பணியில் இருக்கும் உங்கள் ஊர்ப் பையன் யாராவது நிச்சயம் இருப்பான். அவனை அனுப்பி அந்த ஒரு வரியைப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். காட்டலாமா என்று அவரிடம் முதலில் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். டிசம்பர் வரும்போது, "17-ம் தேதி காலையில நான் வந்து உட்காரட்டுமாங்க?" என்று முன்னாலேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. அவர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் மற்ற நாளில்? 1999-ல் 21 வயதுப் பையன் திராஸில் பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியாது. அந்தச் சண்டையில் நம் பக்கம் 527 பேர் போனார்கள். அவர்களில் உங்களுக்கு முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் திண்ணை உங்களுக்கும் வேண்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் அந்தப் பெரியவரையே முழு மருந்தாக்கிக்கொள்ள வேண்டாம், அவருக்கு 78 வயது. 14416 என்ற எண் டெலி மானஸ் உதவி எண். இலவசம், ராத்திரி எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தூக்கம் இல்லாத ராத்திரி மூன்று மணிக்கு அதைக் கூப்பிடுங்கள். நேரில் ஒரு மனநல மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள்.

அந்தக் கதவு திறந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் தூங்கினீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.